அறிவுமதியை அனுப்ப வேண்டாம்

கூத்தப்பாக்கம், கடலூர்
22.4.2012, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே பெரிய தொந்தரவு எதுவும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை இளவரசுவும் குழந்தை அறிவுமதியும் இங்கிலாந்துக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் தினமும் எழுந்திருக்கிறேன். போனில் பேசி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் சுபாவம் உனக்குத் தெரியும், எதிரில் ஒருவர் பேசினால் எனக்குச் சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சோதித்து முத்திரை போடும் வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான், தராசில் தப்பு இருந்தால் கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தாளில் எழுதி நீட்டிவிட்டு வருவேன். அதனால் இதையும் எழுதுகிறேன். நீங்கள் டிக்கெட் எடுப்பதற்குள் கிடைக்க வேண்டுமே என்று நாளைக் காலையில் மஞ்சக்குப்பம் தபாலாபீசுக்கே போய் ஸ்பீடு போஸ்ட்டில் போடப் போகிறேன்.

வீட்டு விஷயம் முதலில். தானே புயலில் விழுந்த மாமரத்தின் அடிக்கட்டையைப் போன வாரம்தான் ஆள் வைத்துத் தோண்டி எடுத்தேன். மரம் இருந்தவரை தெரியவில்லை, இப்போது மத்தியான வெயில் நேரே சமையலறைக்குள் வந்து அம்மாவின் மாவரைக்கும் கல் வரைக்கும் விழுகிறது. கரண்ட் நினைத்த நேரத்தில் போகிறது, நினைத்த நேரத்தில் வருகிறது. காலையில் கடை இட்லி, மதியம் நானே சோறு வடித்துக்கொள்கிறேன், ஒரு ஆளுக்கு அரிசி போடும் அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சிவிடுகிறது. பக்கத்து வீட்டு ஞானசேகரன் சார் மகனோடு இருக்கலாம் என்று பெங்களூருக்குப் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் அவரோடு மதில் ஓரம் நின்று பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது, இப்போது அந்த நேரத்துக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், செடி நாலைந்துதான் இருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இதை வருத்தமாக எழுதவில்லை அம்மா, விவரமாகத்தான் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்து. அறிவுமதியின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்தி உயரமும் எடையும் பார்த்திருக்கிறார்கள், அவள் எடை வயதுக்கு மிகவும் அதிகம் என்று வீட்டுக்குத் தாள் வந்திருக்கிறது. மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, "உன்ன மாதிரியே ஆயிட்டா பாரு, உன் கையால சாப்புடற வரைக்கும் இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார். நீயும் அதை ஒத்துக்கொண்டுவிட்டாய். "அம்மா என்னைக் கெடுத்தாங்க, அத்தை தங்கச்சி செங்கமலத்த ஊட்டி ஊட்டிக் கெடுத்தாங்க, நான் இவளக் கெடுத்துட்டேம்ப்பா" என்று அழுதாய். அதனால் ஜூன் மாதம் குழந்தையைச் சிதம்பரத்தில் உன் நாத்தனார் வீட்டில் கொண்டுவந்து விடுவது, ஒரு வருடம் அங்கேயே படிக்க வைப்பது, அந்த வீட்டுச் சாப்பாட்டில் இளைத்த பிறகு திருப்பி அழைத்துக்கொள்வது என்று மாப்பிள்ளை முடிவு செய்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுத்தாய். அவள் தன் மழலைத் தமிழில், "தாத்தா, அங்க வந்தா நான் சின்னதா ஆயிடுவேனா?" என்று கேட்டாள். பத்து வயதுக் குழந்தையின் அந்தக் கேள்விக்கு நான் "வா கண்ணு" என்றேன். உன்னிடமும் சரி என்றேன்.

சரி என்றதற்கு என் சுபாவம் மட்டும் காரணமில்லை, எனக்கு ஆசையாக இருந்தது. சிதம்பரம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்க் குழந்தையைக் கூட்டிவந்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடலாம், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வெயில் தாழ்ந்த பிறகு கூட்டிப்போகலாம், எனக்குத் தெரிந்த கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுக்கலாம் என்று மனத்துக்குள் ஒரு கால அட்டவணையே போட்டுவிட்டேன். மறுநாளே ஆள் கூப்பிட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். அந்த ஊரில் வளர்ந்த பிள்ளை நம் வெயிலையும் இந்தக் கரண்ட் கட்டையும் தாங்காதே என்று இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கி மாட்டிவிட்டேன். நீ இதற்கு முன் எத்தனையோ முறை வாங்கச் சொல்லியும், எனக்கு ஒருவனுக்கு எதற்கு என்று வாங்காமல் இருந்தவன் நான்.

வியாழக்கிழமை சிதம்பரம் போனேன். நீ சொன்னபடி உன் நாத்தனாரைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நல்ல மரியாதையோடு உட்கார வைத்தாள், அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். "ஒரு வருஷம் எங்கிட்ட உடுங்க மாமா, குச்சியாட்டம் ஆக்கி அனுப்புறேன் பாருங்க. எங்க வீட்டுச் சாப்பாடு யாருக்கும் ஒட்டாது" என்றாள். அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவள் பையன்கள் இரண்டு பேரும் பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தார்கள். என்னையும் சாப்பிடச் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் சோற்றைக் குவித்துக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு, வறுத்த மீன், அப்பளம், மறுபடி சோறு, ரசம், கடைசியில் கிண்ணத்தில் பால்கோவா என்று சாப்பிட்டார்கள். சாப்பிடட்டும், வளரும் பிள்ளைகள். ஆனால் சட்டை ஹேங்கரில் தொங்குவது போல இரண்டு பேர் மேலும் தொங்குகிறது. ஒட்டாதது சாப்பாட்டின் குணமா அந்த உடம்பின் குணமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அறிவுமதிக்கும் இதே சாப்பாடுதானா என்று மெதுவாகக் கேட்டேன். "ஐயையோ, அவளுக்கு ராத்திரியில ஒரு சப்பாத்தி, பகல்ல காய் மட்டும் தனியா செஞ்சி குடுத்துடுவேன், இவனுங்க கூட உக்கார வச்சா ஆசைப்படுவா, சமையல்ரூம்லயே உக்கார வச்சிடுவேன்" என்றாள். பிறகு அவளே, "அவுங்க அம்மா வழி ஒடம்பு மாமா அது, நம்ம வீட்ல யாரும் அப்படி இல்ல" என்றும் சொன்னாள். அம்மா வழி உடம்பு என்றால் சமையலறையை மாற்றி என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். நான் அங்கேயும் சரி என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

அங்கிருந்து மனம் கேட்காமல் அக்கா தில்லையம்மாள் வீட்டுக்கு நடந்தேன். நம் செங்கமலம் தவழும் வயதில் அவளைக் குழந்தையில்லாத அக்காவுக்கு வளர்க்கக் கொடுத்ததும், அவள் அன்றிலிருந்து அக்காவை அம்மா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிட்டு வளர்ந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்த வீட்டுச் சமையல். அத்தை ஊட்டி ஊட்டி வளர்த்தார் என்று நீ நினைக்கிறாய், நானும் உன் அம்மாவும்கூட ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தோம். அக்கா வீட்டுக்காரர், உன் சுப்பராயலு மாமாவுக்கு வாலிபத்திலேயே வயிற்றுப்புண். அவர் இருந்தவரை அந்த அடுப்பில் காரம் கிடையாது, எண்ணெய் கிடையாது, காலையில் கஞ்சி, மதியம் குழைந்த சோறும் மோரும் வேகவைத்த காயும், இரவில் மறுபடி கஞ்சி. அவர் முன்னால் வேறு சாப்பிடுவது பாவம் என்று அக்கா வீட்டில் பலகாரமே செய்ததில்லை. செங்கமலம் வளர்ந்தது அந்தக் கஞ்சியில்.

நான் அறிவுமதி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செங்கமலம் கல்லூரி நூலக வேலை முடிந்து வந்துவிட்டாள். கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், தெருவுக்கே கேட்டிருக்கும். "என்னா மாமா, புள்ளைய இளைக்க வக்க சிதம்பரத்துக்கா அனுப்புறாங்க? நான் இங்கதான வளந்தேன், என்னப் பாத்துமா அக்காவுக்குப் புத்தி வரல?" என்றாள். அக்கா அவளை, "ச்சீ, சும்மா இருடி" என்று அதட்டிவிட்டுத் தானே பேசத் தொடங்கிவிட்டார். "ஒனக்குத் தெரியாது தம்பி. எட்டு வயசுலேர்ந்து இவ ஊதறா. தெருவுல எல்லாம், தவமிருந்து கெடச்ச புள்ளன்னு திணிக்கிறியான்னு என்னையத்தான் ஏசுவாளுங்க. கஞ்சிதான்டி ஊத்துறேன்னா எவ நம்புவா? நான் அந்தக் கஞ்சியிலயும் ஒரு கரண்டி கொறச்சேன். பசிக்குதும்மான்னு வந்து நிப்பா, போதும் போடின்னு தொரத்துவேன்" என்றார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செங்கமலம் சிரிப்பை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தே என்னைப் பார்த்து, "ஒடம்பு அப்படியேதான் இருந்திச்சி மாமா. சாப்புடறப்ப யாராச்சும் பாக்குறாங்களான்னு திரும்பிப் பாக்குற பழக்கம்தான் ஜாஸ்தியாச்சி. இன்னிக்கும் ஆபீஸ்ல டப்பாவத் தொறந்தா சுவத்தப் பாத்துதான் உக்காருவேன். அந்தப் புள்ளைக்கு இது வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள். அதுவரை நான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது செங்கமலம் பெரியவளானபோது நடந்தது ஞாபகம் வந்தது. அக்காவின் தம்பி என்ற முறையில் தாய்மாமன் சீர் வைக்க வேண்டியவன் நான், என் மகளுக்கே நான் மாமனாகத் தட்டு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நீயும் வந்திருந்தாய், புதுத் தாவணிக்கு அழுததுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள், "ஏன் தில்லையம்மா, என்னாத்தப் போட்டு வளக்கிற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அக்கா குன்றிப்போய் நின்றார். பக்கத்திலேயே உன் அம்மா ஞானாம்பாள் பழத்தட்டோடு நிற்கிறாள், அதே தோள், அதே கை, அதே இடுப்பு, யார் கண்ணுக்கும் அது படவில்லை. அன்று கடலூர் திரும்பும் வண்டியில் புதுச்சத்திரம் தாண்டியதும் உன் அம்மா என்னிடம், "நான் ஒரு வாய் சோறு போட்டு வளக்கல. அவுங்களும் கஞ்சியத் தவிர ஒண்ணும் போடல. அப்புறம் யாருங்க போட்டா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குப் பதில் இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது என்று நினைக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். செங்கமலம் வெள்ளிக்கிழமை தன் நூலகத்திலிருந்து ஒரு கட்டுரையை அச்செடுத்துப் பௌதிகம் படித்த பழைய மாணவன் இதையும் படிக்கட்டும் என்று என்னைக் கிண்டல் செய்து ஒரு குறிப்போடு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். டென்மார்க் நாட்டில் தத்துக் கொடுத்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அவர்கள் உடல்வாகை வளர்த்தவர்களோடும் பெற்றவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வளர்த்தவர்களோடு பொருத்தமே தெரியவில்லை, பெற்றவர்களோடு, அதிலும் பெற்ற தாயோடு, நன்றாகப் பொருந்தியிருக்கிறது. தாயும் பிள்ளையும் ஒரே மாதிரி இருப்பது ஒரே சட்டியில் சாப்பிடுவதால் என்றுதான் நாம் நினைக்கிறோம், பெரும்பகுதி அது பிறக்கும்போதே கூட வந்தது என்கிறார்கள். நான் பௌதிகம் படித்தவன், பிராணி சாஸ்திரம் எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், பத்து வயதுக் குழந்தைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. சாப்பாடு ஒன்றுமே செய்யாது என்றும் இதற்கு அர்த்தமில்லை, உன் அம்மா கடைசிக் காலத்தில் சர்க்கரையாலும் முழங்கால் வலியாலும் பட்டதை நாம் பார்த்தோம். அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டிக் கேள், இதனோடு வைத்திருக்கிறேன். எண்ணெயும் இனிப்பும் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னால் மூன்று பேருக்கும் குறையுங்கள், மாப்பிள்ளையும் சேர்த்து. நடக்கச் சொன்னால் மூன்று பேரும் நடங்கள். அவளுக்கு மட்டும் தனித்தட்டு வேண்டாம். எடையைத் தராசு சொல்லும், அது யாருடைய தப்பு என்று எந்தத் தராசும் சொன்னதை நான் பார்த்ததில்லை. நீ குழந்தையைக் கெடுக்கவில்லை. உன் அம்மா உன்னைக் கெடுக்கவில்லை, அத்தையும் யாரையும் கெடுக்கவில்லை. நீ உன் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னாயே, அதைத் திரும்ப ஆரம்பி.

ஆகவே நான் சொல்ல வந்தது, அறிவுமதியை இங்கே அனுப்ப வேண்டாம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இன்று காலையிலிருந்து இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. இளைக்கத்தான் தன்னை அனுப்பினார்கள் என்ற எண்ணத்தோடு ஒரு குழந்தை ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. செங்கமலத்தை நாங்கள் அக்காவுக்குத் துணையாகக் கொடுத்தோம், அவள் அங்கே வேண்டப்பட்ட பிள்ளை, அப்படியிருந்துமே அவளுக்குச் சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. அறிவுமதியை வேண்டாத எடையோடு சேர்த்து அனுப்பினால் அவள் எதைப் பார்த்துச் சாப்பிடுவாள் என்று யோசித்துப் பார். எனக்குப் பிரியமாகத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு ஒரு வேலை இருக்கும், வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். அதற்காக இதைச் செய்யக் கூடாது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல். அவருக்கு என் மேல் வருத்தம் வந்தால் வரட்டும், உன் மேல் வராமல் இருந்தால் போதும். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறார். உன் நாத்தனாருக்கும் நான் தனியாக ஒரு கார்டு எழுதிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லி.

முடிந்தால் ஜூலையில் அவள் பள்ளி விடுமுறைக்கு மூன்று பேருமாகச் சேர்ந்து வாருங்கள், பத்து நாள் என்றாலும் போதும். மாடி அறை தயாராக இருக்கிறது. செங்கமலம் சித்தி அம்மாவைப் போல இருக்கிறாள், என் சித்தி அழகு என்று அறிவுமதி போட்டோவைப் பார்த்துச் சொன்னதாக நீ முன்னொருமுறை சொன்னாய், அதை நான் இன்னும் செங்கமலத்திடம் சொல்லவில்லை, குழந்தையே வந்து நேரில் சொல்லட்டும். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, வேலை, செலவு எல்லாம் எனக்குப் புரியும்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம், தலை நிறைய முடியும் வாய் நிறையப் பேச்சுமாக நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் தேவநாதப் பெருமாள் ஒரு குறையும் வைக்க மாட்டார். காலையில் வெந்நீர் குடி, கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. மறக்காமல் ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்வாய், மாப்பிள்ளையும் பேசுவார், குழந்தையும் பேசும். அவள் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் சரி, அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவேன். அதை எடுத்துக்கொள்ளாதே. இதில் எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
சு. தேவநாதன்